நீரிழிவும் உணவும்: தவறிய வேளைக்கு அடுத்த வேளையில் திருத்தம்

திருமலைக்குச் சென்று திரும்புவோர் லட்டுப் பிரசாதத்தை உற்றார் உறவினர்க்கும் அண்டை வீட்டார்க்கும் பங்கிட்டளிப்பது நெடுநாளைய வழக்கம். சித்தூர் நகரில் நீரிழிவுக்கு மாத்திரை உண்டுவரும் ஒருவரது இல்லத்திற்கு இவ்வாறு லட்டு வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரவு உணவுக்குப் பின் அவர் ஒரு முழு லட்டையும் உண்டுவிடுகிறார். மறுநாட் காலையில் விரல் நுனி இரத்தத்தைச் சோதிக்கும் கருவி, வழக்கமாகக் காட்டும் 130-க்குப் பதிலாக 210 காட்டுகிறது. அவர் திடுக்கிடுகிறார். காலை உணவை விலக்குகிறார். நண்பகல் உணவையும் விலக்குகிறார். மாத்திரையை மட்டும் ஒன்றுக்கு இரண்டாக விழுங்குகிறார். பிற்பகலில் வேலூர் செல்லும் பேருந்தில் அவருக்கு உடல் வியர்க்கிறது, கை நடுங்குகிறது, பேச்சுக் குழறுகிறது, நினைவிழந்து சாய்கிறார்.

இந்நிகழ்ச்சியில் லட்டினால் விளைந்த கேடு சிறிது. அதற்கென்று அவர் தாமே விதித்துக்கொண்ட தண்டனையினால் விளைந்த கேடு பெரிது. கிராமங்களில் பணிபுரியும் சுகாதார ஊழியர்களும் பள்ளி ஆசிரியர்களும் மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டிய முதற் செய்தி இதுவே. நீரிழிவுடன் வாழ்வோர் யாவர்க்கும் சர்க்கரை ஏறும் நாட்கள் உண்டு, இறங்கும் நாட்களும் உண்டு. அத்தகைய நாளில் வேண்டுவது பட்டினியன்று. காரணத்தை அறிதலும், அடுத்த வேளை உணவை அளவோடும் ஒழுங்கோடும் உண்ணுதலுமே ஆகும்.

இச்செய்தி சிலர்க்கு மட்டும் உரியதன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடெங்கும் நடைபெற்று, 2023-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வின்படி, இந்தியாவில் ஏறத்தாழ 10 கோடியே 10 லட்சம் மக்களுக்கு நீரிழிவு இருக்கிறது. மேலும் 13 கோடியே 60 லட்சம் மக்கள் அதன் வாயிலில் நிற்கின்றனர்.

இரத்தத்திலுள்ள சர்க்கரையின் அளவு

வளர்ந்த ஒருவரது உடலில் ஏறக்குறைய ஐந்து லிட்டர் இரத்தம் ஓடுகிறது. நோயற்றவரது இரத்தத்தில் வெறும் வயிற்றில் 100 மில்லி லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் குறைவாகவே குளுக்கோஸ் இருக்கும். அஃதாவது, முழு இரத்தத்திலும் கரைந்துள்ள சர்க்கரை ஐந்து கிராம் அளவே. ஒரு தேக்கரண்டிக்கு மிகாது. நாம் உண்ணும் சோறு, களி, ரொட்டி, பழம் ஆகியவற்றிலுள்ள மாவுச்சத்தும் இனிப்பும் செரித்துக் குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் கலக்கும்பொழுது, கணையத்தில் சுரக்கும் இன்சுலின் அதனைத் தசைகளுக்கும் கல்லீரலுக்கும் செலுத்துகிறது. இன்சுலின் போதாமையாலோ, சுரந்த இன்சுலினுக்கு உடல் செவிசாய்க்காமையாலோ குளுக்கோஸ் இரத்தத்திலேயே தங்கிவிடுவதுதான் நீரிழிவு.

வெறும் வயிற்றில் 126-க்குக் குறையாமலோ, குளுக்கோஸ் அருந்தி இரண்டு மணி நேரத்திற்குப் பின் 200-க்குக் குறையாமலோ இருப்பது நீரிழிவுக்கு அடையாளம். நோய் கண்டவர்களிற் பெரும்பாலோர்க்கு உணவுக்கு முன் 80 முதல் 130 வரையிலும், உணவு உண்டபின் 180-க்குட்பட்டும் இருப்பது நலம். முதியோர்க்கும் பிற நோயுடையோர்க்கும் மருத்துவர் இவ்வெல்லையைத் தளர்த்துவதுண்டு.

கருவி காட்டுவது அந்நொடியின் நிலையை மட்டுமே. சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்வன. அவற்றில் ஒட்டிய சர்க்கரையை அளக்கும் ஹெச்.பி.ஏ.1.சி. என்னும் சோதனை, இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டுகிறது. ஒரு நாளின் ஏற்றம் இச்சராசரியை அதிகம் அசைப்பதில்லை. நாள்தோறும் நிகழும் ஏற்றமே அதனை உயர்த்திக் கண், சிறுநீரகம், நரம்பு, இருதயம் ஆகியவற்றைக் கெடுக்கிறது. ஆகவே ஒரு நாள் தவறியமைக்காக மனமுடைதல் வேண்டா. அத்தவறு வழக்கமாகிவிடாமற் காத்தலே வேண்டும்.

பட்டினி ஏன் மருந்தாகாது?

இன்சுலின் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன், நீரிழிவுக்குப் பட்டினியே தலைசிறந்த சிகிச்சையாகக் கருதப்பட்ட காலம் ஒன்றுண்டு. அமெரிக்க மருத்துவர் பிரெடெரிக் ஆலன் முதல் உலகப் போர்க் காலத்தில் இம்முறையைப் பரப்பினார். கடுநோயுற்ற சிறுவர்கள் அதனால் சில மாதங்களோ சில ஆண்டுகளோ கூடுதலாக வாழ்ந்தனர். ஆயினும் எலும்பும் தோலுமாய் வாழ்ந்தனர். 1921-ஆம் ஆண்டில் கனடா நாட்டின் டொரான்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் ஆகியோர் இன்சுலினைப் பிரித்தெடுக்கும் முயற்சியில் வெற்றி கண்டனர். 1922-ஆம் ஆண்டு ஜனவரியில், லியோனார்டு தாம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு அம்மருந்து முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. பட்டினியால் மெலிந்து மரணத்தின் வாயிலில் கிடந்த அச்சிறுவன் தேறினான். பட்டினிச் சிகிச்சையின் காலம் அத்துடன் முடிவுற்றது.

எனினும், வீடுகளில் அஃது இன்னும் முடிவுறவில்லை. சர்க்கரை ஏறியதும் உணவை விலக்குவோர் பலர். அவர்கள் அறிய வேண்டியவை மூன்று. முதலாவது, இன்சுலினோ, கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளோ கொள்வோர் உணவை விலக்கினால், மருந்து தன் வேலையைத் தொடர்ந்து செய்ய, இரத்தச் சர்க்கரை அபாய எல்லைக்குக் கீழே இறங்கிவிடும். இரண்டாவது, உண்ணாத நேரத்திலும் கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து குளுக்கோஸை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். ஆதலால் பட்டினி கிடந்தும் சிலர்க்குச் சர்க்கரை குறைவதில்லை. மூன்றாவது, ஒரு வேளை பட்டினி கிடந்தவர் மறுவேளை இரு மடங்கு உண்பது இயற்கை. அப்பொழுது ஏற்றம் முன்னிலும் மிகுகிறது.

சர்க்கரை ஏறிய நாளில்

ஏற்றத்தைக் கண்டவுடன் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. நேற்று உண்டது யாது, எவ்வளவு? மருந்து தவறியதா? நடையும் உழைப்பும் குறைந்தனவா? காய்ச்சல், புண், பல்வலி, உறக்கமின்மை, மனக்கவலை ஏதேனும் உண்டா? இவற்றுள் இறுதிக் கேள்வியைப் பலர் மறந்துவிடுகின்றனர். நோய்த்தொற்று உண்டாகும்பொழுது உடலில் சுரக்கும் சில சுரப்புகள் இன்சுலினை எதிர்த்து நிற்பதால், உணவு குறைந்திருந்தும் சர்க்கரை உயரும். காலிலுள்ள ஆறாத சிறு புண்ணே ஏற்றத்திற்குக் காரணமாய் இருத்தல் கூடும்.

காரணம் உணவே எனத் தெரிந்தால், அடுத்த வேளை உணவை வழக்கமான நேரத்தில் உண்ண வேண்டும். சோற்றின் அளவைக் கைப்பிடியளவு குறைத்து, அவ்விடத்தைக் கீரை, காய், பருப்பு ஆகியவற்றால் நிரப்புக. காயையும் பருப்பையும் முதலில் உண்டு, சோற்றைப் பின்னர் உண்டால் ஏற்றம் மந்தப்படுகிறது என்பது ஆய்வுகளிற் கண்ட உண்மை. உண்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் நடத்தல், தசைகள் குளுக்கோஸை உறிஞ்சிக்கொள்ள உதவும். தண்ணீர் போதிய அளவு அருந்துக. மருந்தின் அளவைத் தாமே கூட்டுதலோ குறைத்தலோ கூடாது.

சில அறிகுறிகள் வீட்டில் வைத்துப் பார்க்கத்தக்கன அல்ல. சர்க்கரை 300-க்கு மேல் இறங்காது நிற்றல், வாந்தி, வயிற்று வலி, ஆழ்ந்து வேகமாக மூச்சு வாங்குதல், மூச்சில் பழவாடை வீசுதல், அறிவு மங்குதல் ஆகியவை காணப்படின் உடனே மருத்துவமனை செல்ல வேண்டும். இன்சுலின் செலுத்திக்கொள்வோர், உணவு உட்செல்லவில்லை என்னும் காரணம் பற்றி இன்சுலினை அறவே நிறுத்திவிடுதல் உயிருக்கே தீங்காய் முடியும். மருத்துவரது யோசனையை உடனே பெறுக.

இவ்வட்டாரத்து உணவுகள்

பொதுவான அறிவுரை மக்கள் மனத்தில் நிலைப்பதில்லை. அவரவர் தட்டிலுள்ள உணவைப் பெயர் சொல்லி விளக்கினால் அது நிலைக்கும். சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் பெரிதும் வழங்குவன சிலவற்றை ஈண்டுக் காண்போம்.

கேழ்வரகுக் களி: தெலுங்கில் ராகி சங்கடி எனப்படும் இவ்வுணவு நீரிழிவுக்கு மருந்து என்னும் நம்பிக்கை பரவியுள்ளது. இதில் உண்மையும் உண்டு, மிகையும் உண்டு. ஹைதராபாத்திலுள்ள தேசிய உணவூட்ட நிறுவனம் 2017-ஆம் ஆண்டில் வெளியிட்ட அட்டவணையின்படி, 100 கிராம் கேழ்வரகில் நார்ச்சத்து ஏறத்தாழ 11 கிராம். தீட்டிய அரிசியில் 3 கிராமுக்கும் குறைவு. கால்சியமும் கேழ்வரகில் மிகுதி. ஆயினும் மாவுச்சத்தை நோக்கினால் அரிசியில் 78 கிராமும் கேழ்வரகில் 67 கிராமும் இருக்கின்றன, வேறுபாடு பெரிதன்று. மேலும், களி கிண்டுகையில் அரிசியைக் குழைய வேகவைத்து அதில் கேழ்வரகு மாவைக் கலப்பது இங்குள்ள வழக்கம். நன்கு அரைத்த மாவும் குழைந்த சோறும் விரைவிற் செரிப்பன. ஆகவே களி உண்ணலாம். ஆனால் இரண்டு உருண்டைக்குப் பதில் ஒரு சிறிய உருண்டை, அரிசி குறைத்துக் கிண்டியது, கீரைப் பருப்புடன் உண்ணத்தக்கது. கூழாகக் கரைத்து வெல்லமிட்டுக் குடித்தால் ஏற்றம் விரைந்து வரும்.

வெல்லம்: கரும்பு விளையும் சித்தூர்ப் பகுதியில் வெல்லம் காய்ச்சுதல் பழந்தொழில். சர்க்கரையே தீது, வெல்லம் தீதன்று என எண்ணுவோர் பலர். வெல்லத்தில் சிறிதளவு இரும்பும் பிற தாதுக்களும் இருப்பினும், அதன் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையிலுள்ள அதே சுக்ரோஸ்தான். இரத்தம் இரண்டிற்கும் வேறுபாடு காண்பதில்லை.

மாம்பழம்: ஜூன், ஜூலை மாதங்களில் சித்தூர்ச் சந்தைகளிலும் பழக்கூழ் ஆலைகளிலும் தோத்தாபுரி மாங்காய் குவியும். அப்பருவத்தில் பழத்தை முற்றும் விலக்கச் சொன்னால் எவரும் கேளார். கன்னத் துண்டொன்றில் பாதியளவைச் சோற்றுடன் சேர்த்து உண்ணாமல், உணவுகளுக்கு இடைப்பட்ட நேரத்தில் சிற்றுண்டிக்குப் பதிலாக உண்பது தகும். பழச்சாறும், சர்க்கரை சேர்த்த பழக்கூழும் தவிர்க்கத்தக்கன; நார் நீங்கிய இனிப்பு விரைவில் இரத்தத்தில் ஏறும்.

வேர்க்கடலை: இவ்வட்டாரத்து மேட்டு நிலங்களின் விளைபொருளாகிய வேர்க்கடலையில் புரதமும் கொழுப்பும் மிகுதி, மாவுச்சத்துக் குறைவு. ஒரு கைப்பிடி வறுத்த கடலை, பிஸ்கோத்தைவிட மேலான சிற்றுண்டி. ஆனால் வெல்லப் பாகில் தோய்த்த கடலை உருண்டை இக்கணக்கில் சேராது.

லட்டுப் பிரசாதம்: கடலை மாவு, சர்க்கரை, நெய், முந்திரி, திராட்சை, ஏலக்காய் முதலியவற்றாலாகிய திருப்பதி லட்டு 2009-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அதன் எடையில் ஏறக்குறையப் பாதி சர்க்கரையே. முழு இரத்தத்திலும் ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையே உள்ள உடலுக்கு, ஒரு முழு லட்டு எத்துணைச் சுமை என்பதை எண்ணிப் பார்க்கலாம். பிரசாதத்தை மறுக்கும்படி எவரையும் வற்புறுத்தல் ஆகாது. வற்புறுத்தினால் மறைவில் உண்பர். பிரசாதம் பங்கிட்டு உண்ணத்தக்கது. ஒரு சுண்டைக்காயளவு உண்டு, எஞ்சியதைப் பகிர்ந்தளித்தால் பக்திக்கும் குறைவில்லை, உடலுக்கும் தீங்கில்லை.

சர்க்கரை இறங்கிய நாளில்

ஏற்றம் ஆண்டுக் கணக்கில் கெடுப்பது. இறக்கமோ நிமிடக் கணக்கில் கெடுப்பது. 70-க்குக் கீழே இறங்கினால் பசி, நடுக்கம், வியர்வை, படபடப்பு, எரிச்சல் ஆகியவை தோன்றும்; 54-க்குக் கீழே மூளை தடுமாறும். குடித்தவர் போல் தள்ளாடுவதால், காண்போர் ஏளனம் செய்து விலகிவிடுவதும் உண்டு.

அந்நிலையில் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையையோ குளுக்கோஸ் பொடியையோ அரைக் குவளை நீரிற் கரைத்துக் குடிக்கச் செய்க. பதினைந்து நிமிடம் பொறுத்து மீண்டும் சோதிக்க. 70-க்கு மேல் ஏறாவிடில் மறுமுறை கொடுக்க. தேறியபின் சிறிது உணவு தருக. வாக்ளிபோஸ், அகார்போஸ் என்னும் மாத்திரைகளை உண்போர்க்குச் சாதாரணச் சர்க்கரை விரைந்து செரியாது. குளுக்கோஸ் பொடியே வேண்டும். பையிலுள்ள லட்டு இதற்கு ஏற்றதன்று. அதிலுள்ள நெய் சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். நினைவிழந்தவரது வாயில் எதனையும் ஊற்றலாகாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108 ஊர்தியை அழைத்து மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

மலையேறும் பயணிகளிடையே இவ்விறக்கம் நேர வாய்ப்பு மிகுதி. அலிபிரி வழியில் ஏறத்தாழ 3,550 படிகளும், ஸ்ரீவாரி மெட்டு வழியில் ஏறத்தாழ 2,400 படிகளும் உள்ளன. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் தமிழ்நாட்டிலிருந்து விரதமிருந்து நடந்தே வருவோர் பலர். வயிற்றில் உணவின்றி, காலையில் மாத்திரை மட்டும் உண்டு படியேறினால், தசைகள் குளுக்கோஸை விரைந்து உறிஞ்ச, மருந்தும் அதே திசையில் இழுக்கும். அன்றிரவிலும் இறக்கம் நிகழலாம். கடும் உழைப்பின் விளைவு பல மணி நேரம் நீடிப்பது.

ஆகவே பயணத்திற்குச் சில நாட்கள் முன்னரே மருத்துவரைக் கண்டு, விரதம் தகுமா, அன்றைய மருந்தின் அளவு யாது என்று கேட்டறிக. சர்க்கரை, மருந்து, சோதனைக் கருவி ஆகியவற்றைப் பெட்டியில் வைத்து ஒப்படைத்துவிடாமல் கைப்பையில் வைத்துக்கொள்க. தரிசன வரிசையில் பல மணி நேரம் காத்திருக்க நேரும் என்பதை மறவற்க. உடன் வருபவர்க்கு நோயைப் பற்றித் தெரிவித்திடுக. நரம்புணர்ச்சி குன்றியவர் வெறுங்காலுடன் வெயிலில் காய்ந்த கல்லில் நடந்தால் கொப்புளம் எழுவதும் தெரியாது. ஏறிய பின் உள்ளங்கால்களைக் கண்ணால் பார்த்துச் சோதித்தல் இன்றியமையாதது.

பள்ளியில்

நீரிழிவு முதியோர் நோய் என்பது தவறான எண்ணம். முதல் வகை நீரிழிவு சிறுவர்க்கும் வருவது. அவர்கள் நாள்தோறும் இன்சுலின் செலுத்திக்கொண்டு வகுப்பில் அமர்கின்றனர். அடிக்கடி தண்ணீர் குடித்தல், அடிக்கடி சிறுநீர் கழிக்க வெளியே செல்லுதல், உண்டும் இளைத்தல் ஆகியவற்றை ஒரு மாணவனிடம் காணும் ஆசிரியர், அவனைக் கடிந்துகொள்ளாமல் பெற்றோரிடம் தெரிவித்துச் சோதனைக்கு அனுப்புவாராயின், ஓர் உயிரைக் காத்தவராவார்.

நோய் ஏற்கனவே தெரிந்த மாணவனை மற்றவரிடமிருந்து பிரித்து உட்கார வைத்தல் தகாது. ஆந்திரப் பள்ளிகளில் 2023-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மாணவர்க்கு வெல்லம் சேர்த்த கேழ்வரகுக் கஞ்சி வழங்கும் ஏற்பாடு தொடங்கப்பட்டது. இத்தகைய உணவு வழங்கப்படும் இடங்களில், அதனை அம்மாணவன் உண்ணலாமா, எவ்வளவு உண்ணலாம், அதற்கேற்ப இன்சுலின் எவ்வளவு என்பதைப் பெற்றோர் மருத்துவரிடம் கேட்டறிந்து ஆசிரியர்க்கு எழுதித் தருதல் வேண்டும். விளையாட்டு வேளைக்குப் பின் அவன் வியர்த்துச் சோர்ந்தால், சோம்பல் எனக் கருதாமல் இறக்கம் எனக் கருதி உடனே சர்க்கரை நீர் கொடுக்க. மேசை அறையில் ஒரு சிறு குளுக்கோஸ் பொட்டலம் இருப்பது எல்லாப் பள்ளிகட்கும் ஏற்றது.

ஊழியர்கள் கருதத்தக்கவை

வீடு வீடாகச் செல்லும் ஊழியர், கருவி காட்டும் எண்ணைக் கண்டவுடன் கண்டித்தல் கூடாது. கண்டிக்கப்பட்டவர் அடுத்த முறை சோதனைக்கு முந்திய நாள் மட்டும் உணவைக் குறைத்து, எண்ணை அழகாகக் காட்டுவார். நோய் உள்ளே வளரும். மாறாக, மேற்கூறிய நான்கு கேள்விகளையும் அமைதியாகக் கேட்டு, விடையை அவரைக் கொண்டே ஒரு குறிப்பேட்டில் எழுதச் செய்க. நாள், நேரம், உண்டது, மருந்து, எண் என்னும் ஐந்து பத்திகள் போதும். இரண்டு வாரக் குறிப்பைப் பார்த்தால், எந்த உணவு எவ்வளவு ஏற்றுகிறது என்பதை அவரே கண்டுகொள்வார். அக்குறிப்பேட்டைத் திருப்பதியிலுள்ள ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ விஞ்ஞான நிறுவனத்திற்கோ, சித்தூர் மக்கள் நெடுங்காலமாக நாடிவரும் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கோ, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ எடுத்துச் சென்றால், மருத்துவர் மருந்தை வகுப்பதற்கு அதுவே பெருந்துணையாகும்.

நீரிழிவு நாட்கணக்கில் தீரும் நோயன்று. வாழ்நாள் முழுதும் உடன் வருவது. ஒரு நாளும் தவறாமல் இருத்தல் எவர்க்கும் அரிது. தவறிய நாளைப் பட்டினியால் ஒறுப்பவர் மற்றொரு தவற்றுக்கு வழி கோலுகிறார். தவறியது ஏன் என ஆராய்ந்து, அடுத்த வேளைக்கு அளவோடு பரிமாறிக்கொள்பவரே நோயை ஆள்கிறார். பேருந்தில் மயங்கி விழுந்த அச்சித்தூர் அன்பர்க்கு முதல் நாளே இதனை எவரேனும் எடுத்துக் கூறியிருப்பின், அவர் காலையில் வழக்கமான மாத்திரையுடன் ஒரு சிறு களி உருண்டையும் கீரையும் உண்டு, சற்று உலாவி, இயல்பாகத் தம் பயணத்தை முடித்திருப்பார். அவ்வாறு எடுத்துக் கூறும் பொறுப்பு நம் ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் உரியது.